வழியும் வாயிலும்

ஓர் அலுவலகம் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் வரையில் அதன் செய்திப்போக்கைக் குறித்து ஒருவரும் கவலையுறுவதில்லை. கணக்கர் எழுந்து சென்று காசாளரைக் கேட்கலாம். பேரேடு வேண்டுமாயின் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். அவ்வலுவலகம் வளர்ந்து வேற்றூர்களிற் கிளைகளைத் தோற்றுவித்த பின்னரே, 'எங்கிருந்து எங்கே எது செல்லலாம்?' என்னும் வினா பிறக்கின்றது. வங்கியும் அஞ்சல் நிலையமும் ஒன்றிய அலுவலகமும் மருத்துவமனையும் இக்காலத்தில் தம் ஏடுகளைக் கணினியிலேயே வைத்திருத்தலின், அவ்வினா இன்று கணினி வலையமைப்பைப்பற்றிய வினாவாகவே உருக்கொண்டு நிற்கின்றது.

இவ்விஷயம் பொறிநூல் பயில்வார்க்கே உரியதென்று இலக்கிய மாணவராகிய நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. நம் பாட்டனார் பெறும் ஓய்வூதியமும், நம் அன்னையார் அஞ்சலகத்திற் சேர்த்து வைத்த சிறு தொகையும், உழவர் ஒருவர் நகையை ஈடு வைத்துப் பெற்ற கடனின் கணக்கும் இவ்வலையின் வழியாகவே நாள்தோறும் போக்குவரவு செய்கின்றன. அன்றியும் இத்துறையின் அடிப்படை இலக்கணம் மிகச் சுருங்கியது. வழி என்பது வேறு. வாயில் என்பது வேறு. வழி உண்டென்பதனால் வாயில் திறந்திருக்க வேண்டுவதில்லை. வாயில் திறந்திருப்பதனால் வழி உண்டாகிவிடுவதுமில்லை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதனாலேயே வேலை தடைப்படுதலும் பொருள் கொள்ளை போதலும் நிகழ்கின்றன. இக்கருத்தை எம் ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சாலைகள் கூடும் ஊர்

வத்தலக்குண்டு ராஜம் ஐயரும் சுப்பிரமணிய சிவாவும் தோன்றிய ஊர் என்பதைத் தமிழன்பர் அறிவர். வழிப்போக்கர்க்கோ அது சாலைகள் கூடும் ஊர். வடகிழக்கே செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கும், தென்கிழக்கே நிலக்கோட்டை வழியாக மதுரைக்கும், தெற்கே உசிலம்பட்டிக்கும், மேற்கே தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாகத் தேனிக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. கோடைக்கானல் செல்வோர் மேற்குச் சாலையிற் சிறிது தூரம் சென்று மலைப்பாதையிற் புகுவர். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரவு நின்றால், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகச் சுற்றிச் செல்லவும் ஒரு பாதை உண்டு. எவ்வண்டி எத்திசையிற் செல்லவேண்டும் என்பதைச் சந்தியில் நிற்கும் கைகாட்டிப் பலகை அறிவிக்கின்றது. கணினி வலையிற் கைகாட்டியின் தொழிலைச் செய்யும் கருவியே ரௌட்டர் எனப்படுவது. தமிழில் அதனைத் திசைவி என வழங்குவாரும் உளர்.

நிற்க. 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, கோடைக்கானலுக்குச் செல்லும் சுற்றுலா வண்டிகள் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. அன்று மலைப்பாதையில் ஓரடியேனும் குறைந்ததில்லை, கைகாட்டியும் மாறவில்லை. எனினும் சீட்டில்லாத வண்டி சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. அரசுப் பேருந்தோ தடையின்றிச் சென்றது. பாதை என்பது ஒன்று, அதிற் செல்லும் உரிமை என்பது மற்றொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வலையில் இச்சாவடியின் தொழிலைச் செய்வது ஃபயர்வால். ஒரு வீட்டிற் பற்றிய தீ அடுத்த வீட்டிற் பரவாதபடி இடையே எழுப்பும் கனத்த சுவருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே இதற்கும் ஆயிற்று. தமிழில் தீச்சுவர் என்பர். பெயரே இதன் நோக்கத்தை உணர்த்துகின்றது: கள்வனைத் தடுத்தல் மட்டுமன்று, உள்ளே பற்றிய தீ பரவாமல் தடுத்தலும் இதன் கடமையாம்.

விலாசம்

வழி காட்டுவதற்கு முன்னர் விலாசம் வேண்டும். இதற்கு அஞ்சல் துறையின் பின்கோடு சிறந்த உவமையாகும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த அவ்வாறிலக்க எண்ணில் முதலிலக்கம் நாட்டின் பெரும்பகுதியையும், முதல் மூன்றிலக்கங்கள் சேர்ந்து கடிதம் பிரிக்கும் மாவட்டத்தையும், கடை மூன்றிலக்கங்கள் தனி அஞ்சலகத்தையும் குறிக்கும். வத்தலக்குண்டின் எண் 624202. டில்லியிற் கடிதம் பிரிப்பவர் வத்தலக்குண்டு எங்கே உள்ளதென்று அறிந்திருக்க வேண்டுவதில்லை. 6 என்னும் முதலிலக்கத்தைக் கண்டு தெற்கே அனுப்பினாற் போதும். தெற்கே வந்தபின் 624 என்பதைக் கண்டு திண்டுக்கற் பக்கம் அனுப்புவர். கடை மூன்றிலக்கங்களைப் பார்க்கவேண்டியவர் திண்டுக்கல்லில் இருப்பவரே. இங்ஙனம் விலாசத்தின் முற்பகுதியால் தொலைவழியும் பிற்பகுதியால் அண்மைவழியும் அறியப்படுகின்றன.

கணினியின் விலாசமாகிய ஐ.பி. எண்ணும் இம்முறையிலேயே அமைந்தது. இன்றும் பெரிதும் வழங்கும் நான்காம் பதிப்பில், புள்ளியாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். இவ்வகையில் ஏறக்குறைய 429 கோடி விலாசங்களே அமைதல் கூடும். உலகிலுள்ள கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் அவை போதாவாதலின், 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன ஆகிய மூன்று தொகுதிகளை உள்வீட்டு வழக்குக்கென 1996ஆம் ஆண்டில் ஒதுக்கி வகுத்தனர். இவற்றை எவரும் தம் மனைக்குள் வழங்கிக்கொள்ளலாம்; பொது இணையத்தில் இவை செல்லா.

திண்டுக்கல்லில் தலைமையகமும், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பெரியகுளம் ஆகிய ஊர்களிற் கிளைகளும் உடைய ஒரு கடன் சங்கத்தை எடுத்துக்காட்டின்பொருட்டுக் கற்பனை செய்துகொள்வோம். தலைமையகத்துக்கு 10.24.1 என்றும், வத்தலக்குண்டுக்கு 10.24.2 என்றும், நிலக்கோட்டைக்கு 10.24.3 என்றும், பெரியகுளத்துக்கு 10.25.1 என்றும் தொடங்கும் எண்களைப் பகிர்ந்தளித்தால், முதல் மூன்று எண்களால் ஊரும் ஈற்றெண்ணாற் கணினியும் விளங்கும். பின்கோட்டிற் பெரியகுளம் 625 என்னும் தொகுதியைச் சேர்ந்தது போலவே இங்கும் வேறு தொகுதியில் வைத்துள்ளோம்.

இப்பகிர்வை முன்கூட்டியே செய்யாவிடில் நேரும் இடர் பெரிது. கடையில் வாங்கும் சிறு ரௌட்டர்கள் பலவும் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் விலாசத்தோடே வருகின்றன. இரண்டு கிளைகளும் அவற்றை வாங்கியவாறே மாட்டிவிட்டால், இரண்டு ஊர்களிலும் ஒரே பெயருள்ள தெருவும் ஒரே கதவிலக்கமும் அமைந்துவிடும். வத்தலக்குண்டில் ஒருவர் 192.168.1.15 என்று விளித்தால், அது தம் பக்கத்து மேசையா நிலக்கோட்டையா என்பதைக் கருவி அறியாது. தன் தெருவே என்று கொண்டு வெளியே அனுப்பாது நின்றுவிடும். இதற்கு விலாசத்தை மாற்றிச் சொல்லும் உபாயங்கள் உளவேனும், ஒரு கிளைக்குப் புதிய எண் வழங்குவதே நேரிய மருந்து. பெயரிடுங்காற் சிந்தித்தல் பெயர் மாற்றுதலினும் எளிதன்றோ?

வழி

ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒரு வழிப்பட்டியல் உண்டு. 'இன்ன விலாசத் தொகுதிக்குச் செல்வனவற்றை இன்ன திசையில் அனுப்புக' என்பதே அதன் ஒவ்வொரு வரியும். வத்தலக்குண்டு ரௌட்டரில், '10.24.2 என்பது நம் தெருவே, 10.24 என்று தொடங்கும் பிறவும் 10.25 என்று தொடங்குவனவும் திண்டுக்கல் நோக்கி. எஞ்சியவெல்லாம் இணையத்தை நோக்கி' என்று மூன்று வகை எழுதினால் அமையும். ஒரு விலாசம் இரண்டு வரிகளுக்குப் பொருந்துமாயின், மிகுந்த இலக்கம் பொருந்தும் வரியே வெல்லும். பொதுவிதியினும் சிறப்புவிதி வலியுடையது என்னும் இலக்கண நூலார் கொள்கையை இங்கும் காண்கின்றோம். எதற்கும் பொருந்தாதவற்றை ஏற்கும் கடைசி வரிக்கு இயல்புவழி என்று பெயரிடலாம்.

இவ்வரிகளைக் கையால் எழுதிவைத்தல் ஒருமுறை. கிளைகள் நான்கு ஐந்தாயின் அதுவே போதும். கிளைகள் நூற்றுக்கணக்கிற் பெருகி, ஓர் ஊருக்கு இரண்டு வழிகளும் அமைந்துவிட்டால், ரௌட்டர்கள் தமக்குள் உரையாடித் தாமே பட்டியலைத் திருத்திக்கொள்ளும் முறை வேண்டும். மலைப்பாதை அடைபட்டதென்னும் செய்தி வத்தலக்குண்டுச் சந்திக்கு எட்டியவுடன் ஓட்டுநர் தாண்டிக்குடிப் பாதையைத் தேர்வது போன்றது இது. 1989இல் வெளியான ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறை இவ்வகையினது. இதற்கு அடிப்படையாகிய கணிதத்தை ஹாலந்து தேசத்து டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 1956இல் கண்டு 1959இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட வினாவும் சாலையைப்பற்றியதே: ராட்டர்டாம் நகரிலிருந்து குரோனிங்கன் நகருக்குச் செல்லக் குறுகிய வழி யாது என்பது.

இனி, பலரும் மறக்கும் ஒன்றுண்டு. வலையில் எந்த உரையாடலும் ஒருவழிப் பயணமன்று. வினா சென்றால் விடை மீளவேண்டும். திண்டுக்கல்லில் இருக்கும் ரௌட்டர் பெரியகுளத்துக்கு வழி அறிந்திருந்தும், பெரியகுளத்து ரௌட்டரில் திண்டுக்கல்லுக்கு மீளும் வழி எழுதப்படாவிடின், வினா போய்ச் சேரும். விடையோ இணையத்தை நோக்கிச் சென்று மாயும். கேட்டவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்: பதில் வரவில்லை. ஆகவே ஒரு கிளையைச் சேர்க்கும்போது அக்கிளைக்குச் செல்லும் வழியை மட்டுமன்றி, அங்கிருந்து மீளும் வழியையும் எழுதுதல் இன்றியமையாதது.

பொதுச்சாலையில் மூடுவண்டி

இவ்வூர்களுக்கிடையே உண்மையில் இணைப்பு எது? பொருள் வளமுடைய ஸ்தாபனங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தினிடம் தனிக்கம்பியை வாடகைக்குக் கொள்வர். அரசு அலுவலகங்களுக்கு மாநிலப் பெருவலை உண்டு. 2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி, மாநிலத் தலைநகர், மாவட்டத் தலைநகர், வட்டாரம் எனப் படிப்படியாக அலுவலகங்களை இணைக்க ஒவ்வொரு மாநிலத்திலும் இவ்வலை வகுக்கப்பட்டது; தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் அதனை நடத்தும் பொறுப்பேற்றது. அஞ்சல் துறையும் தன் சேமிப்புக் கணக்குகளை ஒரே பொதுக் கணினியமைப்பிற் கொணரும் வேலையை 2013 டிசம்பரிற் சென்னைத் தியாகராய நகர் அஞ்சலகத்தில் தொடங்கியது. ஓர் ஊரில் இட்ட பணத்தை மற்றோர் ஊரில் எடுத்தல் அதன்பின்னரே அஞ்சலகங்களிற் கைகூடியது.

நம் கற்பனைச் சங்கத்தைப் போன்ற எளிய அமைப்புகளோ பொது இணையத்தையே ஊடகமாகக் கொள்ளும். பொதுச்சாலையில் யாவரும் காணச் செல்லும் வண்டியிற் பணப்பெட்டியைத் திறந்து வைத்தல் ஆகாது. ஆதலின் வத்தலக்குண்டு ரௌட்டர் செய்தியை மறைமொழியாக்கிப் பூட்டி, வேறோர் உறையிலிட்டு, உறையின்மேல் திண்டுக்கல் ரௌட்டரின் பொது விலாசத்தை எழுதி அனுப்பும். அங்கே உறை நீக்கிப் பூட்டுத் திறந்து உரியவர்க்குக் கொடுப்பர். வி.பி.என். என்பது இதுவே. இடையில் உறையைக் காண்பவர்க்கு உள்ளே இருப்பது புலப்படாது.

உறைக்குள் உறை இடுவதனால் ஒரு சிறு சங்கடமும் உண்டு. வலையில் ஒரு சிப்பம் பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படலாகாது. மேலுறை சிறிது இடத்தைக் கொள்ளுதலின் உள்ளே வைப்பதற்குரிய அளவு குறையும். இதனைக் கருதாவிடின், சிறு செய்திகள் தடையின்றிச் செல்ல, பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றுவிடும். உள்நுழையும் பக்கம் தோன்றுகிறது, அறிக்கை மட்டும் திறக்கவில்லை என்று கிளையிலுள்ளார் முறையிடுவராயின், இக்காரணத்தையும் ஆராய்தல் வேண்டும்.

வாயில்

வழி அமைந்தது, இனி வாயிலைக் காண்பாம். ஒரு கணினி ஒரு வீடாயின், அதில் நடைபெறும் தொழில்கள் பல கதவுகள் எனலாம். அக்கதவுகளுக்கும் எண் உண்டு, போர்ட் என்பர். பூட்டிய இணையப்பக்கம் 443ஆம் கதவிலும், கோப்புப் பகிர்வு 445ஆம் கதவிலும், தொலைவிலிருந்து மற்றொரு கணினியை இயக்குதல் 3389ஆம் கதவிலும் நிகழும். ஃபயர்வாலின் ஒவ்வொரு விதியும், 'இன்ன விலாசத்திலிருந்து இன்ன விலாசத்தின் இன்ன கதவுக்குச் செல்வதை விடுக' அல்லது 'தடுக்க' என்று கூறும். பெரும்பாலான கருவிகள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ஆகவே விதியின் பொருளேயன்றி அதன் வரிசையும் கருதத்தக்கது. 'யாவரையும் விடுக' என்னும் விதி மேலே நிற்க, 'இன்னாரைத் தடுக்க' என்பது கீழே நின்றால், பின்னது ஏட்டுச் சுரைக்காயே.

வாயில் காக்கும் கொள்கை இருவகைப்படும். தீயரென்று தெரிந்தவரைத் தடுத்து ஏனையோரை விடுதல் ஒன்று; உரியரென்று குறித்தவரை விடுத்து ஏனையோரைத் தடுத்தல் மற்றொன்று. முதற்கொள்கை எளிது, ஆயின் தீயரின் பட்டியல் என்றும் முற்றுப்பெறாது. ஆதலின் அறிந்தோர் இரண்டாவதையே கொள்வர். விதிப்பட்டியலின் கடைசி வரி, 'எஞ்சிய யாவும் தடுக்க' என்பதாக இருத்தல் வேண்டும்.

பழைய வாயில்கள் ஒவ்வொரு சிப்பத்தையும் தனித்தனியே நோக்கின. 1990களிற் பரவிய வாயில்களோ நினைவுடையன. உள்ளிருந்து ஒருவர் வினாவை அனுப்பினார் என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய விடை வரும்போது தனிச்சீட்டுக் கேளாமல் விடுவன. இதனால் மீளும் செய்திக்கெனத் தனி விதி எழுத வேண்டுவதில்லை. ஆயின் வினா ஒரு வாயிலாற் சென்று, விடை மற்றொரு வாயிலால் வருமாயின், இரண்டாம் வாயிலுக்கு அவ்வினாவின் நினைவில்லை. 'கேளாத விடை' என்று தள்ளிவிடும். இரட்டை இணைப்பு வைத்த அலுவலகங்களில் இக்குழப்பம் அடிக்கடி நேர்வது. வழியின் பிழை வாயிலின் பிழைபோலத் தோற்றுவது இவ்விடத்திலேதான்.

சங்கத்தின் வாயிற்சட்டம்

நம் சங்கத்துக்கு விதி வகுப்போம். கிளையிலுள்ள காசாளர்க்குத் தேவையானது யாது? தலைமையகக் கணக்குச் சர்வரின் 443ஆம் கதவு. அதனை விடுக. தலைமையகத்தில் இருக்கும் கணினிப் பொறுப்பாளர் கிளைக் கணினியைத் தொலைவிலிருந்து பழுது பார்க்கவேண்டும். அவருடைய ஒரே கணினியிலிருந்து மட்டும் 3389ஐ விடுக. கிளையில் வைத்த கண்காணிப்புக் காமிராவுக்குக் கணக்குச் சர்வரில் ஒரு வேலையும் இல்லை. அதனைத் தனித் தெருவில் வைத்து அங்கே செல்லாமல் தடுக்க. விருந்தினர் தம் கைப்பேசியை இணைக்க இடம் கொடுத்தால், அவர்க்கு இணையம் மட்டும். சங்கத்தின் உள்வலை அணுவளவும் இல்லை.

வத்தலக்குண்டுக் கிளைக்கும் நிலக்கோட்டைக் கிளைக்கும் நேரே செய்தி செல்லவேண்டுமா? இரண்டும் தலைமையகக் கணக்கையே நோக்குவன. ஒன்றன் கணினியை மற்றொன்று காண வேண்டுவதில்லை. நான்கு இடங்களுக்குள் ஒவ்வொன்றையும் ஏனையவற்றோடு இணைத்தால் 6 இணைப்புகளே ஆகும். இருபது இடங்களாயின் 190 ஆகும். அத்தனை வாயில்களை யார் காப்பது? ஆகவே கிளைகளெல்லாம் நடுவிடத்தோடு மட்டும் பேசுமாறு, சக்கரத்தின் ஆரங்கள் குடத்திற் சேர்வதுபோல் அமைத்தல் சிறந்தது. கிளைக்கும் கிளைக்கும் இடையே நிற்கும் விதி 'தடுக்க' என்பதாகுக. ஆயின், இவ்வமைப்பிற் குடம் பழுதுற்றால் ஆரங்கள் அனைத்தும் நிற்கும் என்பதையும் நினைவிற்கொண்டு, நடுவிடத்துக்கு மாற்று இணைப்பொன்று வைத்தல் நலம்.

'நம் அலுவலகத்துக்குள் நம்மவர்க்கே தடையா?' என்று ஒருவர் சினக்கக்கூடும். இத்தடை மனிதரை ஐயுறுவதனால் எழுந்ததன்று. ஒரு கணினியிற் புகுந்த நோய் அக்கணினியின் உரிமையையே தன் உரிமையாகக் கொள்ளும். அது செல்லக்கூடிய இடமெல்லாம் நோயும் செல்லும். இதற்கு உலகமறிந்த சான்றுகள் உள.

கேடும் காப்பும்

2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், உக்ரேன் தேசத்தில் வழங்கிய ஒரு கணக்கு மென்பொருளின் திருத்தத்தோடு கலந்து நாட்பெட்யா என்னும் நச்சுநிரல் பரவியது. டென்மார்க்கு நாட்டின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு உக்ரேனில் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே புகுந்த நிரல், 445ஆம் கதவின் வழியாகவும் திருடிய கடவுச்சொற்களைக் கொண்டும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, சில மணி நேரத்தில் உலகெங்கும் உள்ள கிளைகளைச் சாய்த்தது. மும்பைக்கு அண்மையிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனத்தாரின் முனையமும் வேலை நின்றது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களிற் புதிதாக அமைக்க நேர்ந்ததென அந்நிறுவனத் தலைவர் பின்னர் உரைத்தார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என மதிக்கப்பட்டது. வலையின் பெயர்ப்பதிவேட்டைத் தாங்கும் சர்வர்களெல்லாம் அழிந்துபட, ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக் கிளையில் ஒன்று மட்டும் தப்பியது. காரணம் காவலன்று, அவ்வேளையில் அங்கே மின்சாரம் நின்று, அக்கிளை வலையினின்றும் அறுபட்டிருந்ததே. வாயிற்காப்பு செய்யவேண்டிய பணியை அன்று மின்தடை செய்தது.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வங்காளதேச மத்திய வங்கியினின்றும் 8 கோடியே 10 இலட்சம் டாலர் களவு போயிற்று. பிற நாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்புமாறு பணிக்கும் கணினிகள், போதிய ஃபயர்வால் இன்றி, மலிவான பழைய இணைப்புக் கருவிகளால் இணைக்கப்பட்டிருந்தன என்று அந்நாட்டுப் புலனாய்வாளர் அக்காலத்திற் கூறினர். கள்வர் கேட்ட தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. இலங்கையில் உள்ள ஒரு கணக்குக்குச் சென்ற 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் ஒரு சொல் பிழைபட எழுதப்பட்டிருந்தமையால் ஐயமுற்று மீட்கப்பட்டது. எழுத்துப்பிழை ஒரு நாட்டின் பொருளைக் காத்த அதிசயம் இது!

தமிழ்நாடும் இதற்குப் புறம்பன்று. கும்பகோணத்திற் 1904இல் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியினின்றும் 2018 பெப்ரவரியில், இவ்வாறே பொய்யான மூன்று பணிப்புகளால் ஏறக்குறைய 20 இலட்சம் டாலரை அயல்நாடுகளுக்கு அனுப்பக் கள்வர் முயன்றனர். மறுநாட் கணக்குச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டது. வாயில் தவறினும் கணக்கேடு காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நற்சான்றும் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் குறித்து 2019இல் ஒரு செய்தி எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30இல் இந்திய அணுமின் கழகம் வெளியிட்ட அறிக்கையில், நச்சுநிரல் புகுந்தது உண்மையே என்றும், அது நிருவாக வேலைக்குரிய, இணையத்தோடு இணைந்த வலையிலிருந்த ஒரு கணினியிலே என்றும், நிலையத்தின் முக்கியமான உள்வலை அதனினின்றும் பிரித்து வைக்கப்பட்டுள்ளது என்றும் விளக்கியது. ஒரு வளாகத்துள் இரண்டு வலைகள்; இடையே வழியே இல்லை. வாயிற் காப்பினும் வலியது வழியின்மையே என்பதை இதனால் உணர்கின்றோம்.

தடை நேர்ந்தபோது ஆராயும் முறை

கிளையிலிருந்து 'சர்வர் கிடைக்கவில்லை' என்னும் செய்தி வந்தவுடன், ஃபயர்வாலை முழுதும் திறந்துவிடச் சொல்வாரே பலர். அது நோய் இன்னதென அறியாது எல்லா மருந்தையும் ஒருங்கே புகட்டுவது போலாம். முறைப்படி வினாவுக. முதலாவது, இணைப்பு உயிரோடு உள்ளதா? இரண்டாவது, விலாசம் சரியா. இரு ஊர்களில் ஒரே தொகுதி வழங்குகின்றதா? மூன்றாவது, செல்லும் வழி பட்டியலில் உண்டா? நான்காவது, மீளும் வழி உண்டா? ஐந்தாவது, இரண்டு முனைகளிலும் உள்ள வாயில்கள் விடுகின்றனவா? ஆறாவது, சென்று சேரும் கணினி தானே தடுக்கின்றதா? ஏனெனிற் பல கணினிகள் தம் தெருவிலுள்ளார்க்கு மட்டும் விடை கூறி, வேற்றூரார்க்கு மௌனம் சாதிக்குமாறே இயல்பாக அமைந்திருக்கும். ஏழாவது, அத்தொழில் அக்கதவில் உண்மையாக நடைபெறுகின்றதா?

இவ்வேழு வினாக்களுள் இரண்டே வாயிலைப்பற்றியன என்பதை நோக்குக. ஏனைய ஐந்திற்கும் வாயிலைத் திறத்தல் மருந்தாகாது. அன்றியும் வாயிலில் நடந்ததை நாட்குறிப்பாக எழுதிவைக்கும் வசதி ஃபயர்வாலுக்கு உண்டு. தடுக்கப்பட்டதாயின் குறிப்பில் இருக்கும். குறிப்பே இல்லையாயிற் செய்தி வாயிலை எட்டவில்லை என்று துணிந்து, வழியை ஆராயலாம். ஆய்வின்பொருட்டுத் தற்காலிகமாகத் திறந்த வாயிலை அன்றே மூடுவதும், ஒவ்வொரு விதிக்கும் அருகே 'எவர் வேண்ட, எதற்காக, எந்நாளில்' என்று எழுதிவைப்பதும் நல்வழக்கங்கள். காரணம் எழுதாத விதியை நீக்க எவர்க்கும் துணிவு பிறவாது. அவ்வாறு தங்கிய விதிகளே பிற்காலத்திற் கள்வர்க்குப் புழைக்கடையாகின்றன.

முடிவுரை

வழியமைப்போன் தொழில் கூட்டுதல். வாயில் காப்போன் தொழில் பிரித்தல். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையென எண்ணுதல் பிழை. வழியே இல்லாத ஊரிற் கிளை வைத்துப் பயனில்லை. வாயிலே இல்லாத கிளை தனக்கும் பிறர்க்கும் கேடு. யாருக்கு எது தேவையோ அதனை அவர் தடையின்றிப் பெறுதலும், தேவையற்றது அவரை அணுகாதிருத்தலுமே நல்ல வலையின் இலக்கணமாம்.

இதன் பயன் கருவிகளுக்கு அன்று, மனிதர்க்கே. வத்தலக்குண்டில் வெற்றிலை பயிரிட்டுச் சேர்த்த பணத்தைக் கிளையிற் செலுத்தும் உழவர், 10.24.2 என்பதையோ 443 என்பதையோ அறியார், அறிய வேண்டுவதுமில்லை. தாம் இட்ட தொகை நாளையும் தம் பெயரிலேயே இருக்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவருடையது. அந்நம்பிக்கையைத் தாங்கி நிற்பவர், வழிப்பட்டியலில் ஒரு வரியையும் வாயிற்சட்டத்தில் ஒரு விதியையும் கவனமாக எழுதும், எவரும் பெயரறியாத ஓர் ஊழியர். நம் மாணவருட் பலர் நாளை வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பள்ளிகளிலும் பொறுப்பேற்கப் போகின்றனர். 'எல்லாவற்றையும் திறந்துவிடுக, வேலை நடக்கட்டும்' என்று அவ்வூழியரை நெருக்காமலும், 'எல்லாவற்றையும் மூடுக, வம்பு வேண்டா' என்று கிளையிலுள்ளாரை வருத்தாமலும், 'யார்க்கு, எது, எதன்பொருட்டு?' என்று அமைதியாக வினவும் பழக்கத்தை அவர்கள் கைக்கொள்வாராக. அதுவே இத்துறையிற் பொறியறிஞர் அல்லாதாரும் செய்யத்தக்க பெருந்தொண்டாம்.